விடியுமுன் எழுந்த தீவுகள்: 2022 ரக்பி லீக் உலகக் கோப்பையின் நேர அட்டவணை – நிகழ்வு ஆய்வு

2022 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் ரக்பி லீக் உலகக் கோப்பையின் கடைசிக் கால் இறுதி. ஆடியவை டோங்காவும் சமோவாவும். உள்ளூர் நேரப்படி பிற்பகல் 2.30க்குத் தொடங்கிய ஆட்டத்தில் சமோவா 20–18 என்று தப்பிப் பிழைத்து வென்றது. டோங்காவின் தலைநகர் நுக்குஅலோபாவிலும் சமோவாவின் தலைநகர் ஆபியாவிலும் கடிகாரம் ஒன்றுதான். இரண்டும் கிரீன்விச் நேரத்துக்கு 13 மணி நேரம் முந்தியவை. ஆட்டம் தொடங்கியபோது இரண்டு ஊர்களிலும் திங்கட்கிழமை அதிகாலை 3.30.

இங்கிலாந்து அந்த ஆட்டத்தில் இல்லை. இரண்டு தீவு நாடுகள் தங்களுக்குள் மோதிக்கொண்டன. அவற்றின் மக்களோ தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டுதான் நேரலை பார்க்க முடிந்தது. பூமி உருண்டை, ஒரு பக்கம் பகல் என்றால் மறுபக்கம் இரவுதானே என்று இதைத் தள்ளிவிடலாம். அந்தத் தொடரின் முழு அட்டவணையையும் எடுத்து வைத்துப் பார்த்தால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

நம் ஊரில் இந்த விளையாட்டு அதிகம் தெரியாது என்பதால் ஒரு சின்ன விளக்கம். ரக்பி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. அணிக்கு 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன்; 13 பேர் ஆடுவது ரக்பி லீக். லீக்கின் பிறப்பிடம் வட இங்கிலாந்து. லங்காஷயர், யார்க்‌ஷயர் பகுதிகளில் 1895இல் பிரிந்து வந்த கிளப்புகள்தான் அதன் வேர். இன்று அதன் பணமும் பலமும் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் இருக்கின்றன. நியூசிலாந்தும் பசிபிக் தீவுகளும் ஆட்டக்காரர்களை வாரி வழங்குகின்றன. பப்புவா நியூ கினியில் அதுவே தேசிய விளையாட்டு. ஆக, சர்வதேச ரக்பி லீக் என்றாலே உலகின் இரண்டு எதிரெதிர் மூலைகளில் இருக்கும் பார்வையாளர்கள் என்று பொருள். இடையில் இருக்கும் ஆசியாவிலோ அமெரிக்காவிலோ பெரிய கூட்டம் கிடையாது. கிரிக்கெட்டில் இந்திய மாலை நேரத்தை மையமாக வைத்து ஒரு தொடரையே அமைத்துவிடலாம். லீக்குக்கு அப்படி ஒரு நடுப்புள்ளி இல்லை.

அதற்கு மேல் கடிகார மாற்றம் வேறு. வருடம் முழுக்க ஐந்தரை மணி நேரக் கணக்கிலேயே வாழும் நமக்கு இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். இங்கிலாந்து அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும். சிட்னி அக்டோபர் முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். நியூசிலாந்து அதற்கும் ஒரு வாரம் முன்னதாக, செப்டம்பர் கடைசி ஞாயிறன்றே தள்ளிவிடும். ஆகவே லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே செப்டம்பரில் 9 மணி நேர வித்தியாசம், அக்டோபரில் 10, நவம்பரில் 11. சர்வதேச லீக் ஆட்டங்கள் நடப்பது பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில்தான். ஒரே தொடரின் நடுவில் கணக்கு மாறிவிடும். 2022 உலகக் கோப்பை அக்டோபர் 15 முதல் நவம்பர் 19 வரை நடந்தது. அக்டோபர் 30 அன்று இங்கிலாந்துக் கடிகாரம் மாறியது. பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலமோ 1992 வாக்கெடுப்பில் இந்தக் கடிகார மாற்றமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால் ஆஸ்திரேலியாவின் இரண்டு பெரிய லீக் நகரங்களுக்குள்ளேயே கோடையில் ஒரு மணி நேர வித்தியாசம்.

இத்தனை சிக்கலுக்கும் நடுவில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. வித்தியாசம் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் என்பதால், ஒரு பக்கத்தின் மாலை மறுபக்கத்தின் காலை. நவம்பரில் இங்கிலாந்தில் இரவு 8 என்றால் சிட்னியில் மறுநாள் காலை 7, ஆக்லாந்திலும் ஆபியாவிலும் காலை 9. சிட்னியில் இரவு 8 என்றால் இங்கிலாந்தில் அன்று காலை 9. இரண்டு பக்கமும் விழித்திருக்கும் நேரங்கள் இவை. எதில் கை வைத்தால் சிக்கல்? பிற்பகலில். இங்கிலாந்தின் பிற்பகல் 2.30, சிட்னியில் நள்ளிரவு 1.30, ஆக்லாந்தில் 3.30. வேண்டுமென்றே தேடினாலும் இதைவிட மோசமான நேரம் கிடைப்பது கடினம்.

இப்போது 2022 அட்டவணைக்கு வருவோம்.

ஆஸ்திரேலியா தன் முதல் ஆட்டத்தை ஃபிஜியுடன் லீட்ஸில் சனிக்கிழமை இரவு 7.30க்கு ஆடியது. சிட்னியில் அது ஞாயிறு காலை 5.30. அடுத்து ஸ்காட்லாந்து, இத்தாலி, கால் இறுதியில் லெபனான் என எல்லா ஆட்டங்களும் இரவு 7.30. நியூசிலாந்துடனான அரையிறுதி வெள்ளிக்கிழமை இரவு 7.45, சிட்னியில் சனிக்கிழமை காலை 6.45, ஆக்லாந்தில் 8.45. நியூசிலாந்தும் லெபனான், ஜமைக்கா, அயர்லாந்து, ஃபிஜி அணிகளை எதிர்கொண்டது இரவு ஆட்டங்களில்தான். இங்கிலாந்து அணியின் பெரிய ஆட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை பிற்பகலில் வந்தன: நியூகாசிலில் சமோவாவுக்கு எதிரான தொடக்க ஆட்டம், விகனில் பப்புவா நியூ கினிக்கு எதிரான கால் இறுதி, லண்டன் எமிரேட்ஸ் மைதானத்தில் அரையிறுதி, மூன்றுமே 2.30.

ஆக, காலை வேளை எங்கே வசதி என்று அமைப்பாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அதை ஒதுக்கியிருக்கிறார்கள். தீவு நாடுகளின் பல பெரிய ஆட்டங்களுக்கு அது கிடைக்கவில்லை. சமோவா அந்தத் தொடரில் இங்கிலாந்துடன் ஆடிய முதல் ஆட்டம் ஆபியாவில் ஞாயிறு அதிகாலை 2.30. கால் இறுதி திங்கள் அதிகாலை 3.30. மறுபடியும் இங்கிலாந்துடன் அரையிறுதி, ஞாயிறு அதிகாலை 3.30. இறுதிப்போட்டி ஞாயிறு அதிகாலை 5. பப்புவா நியூ கினியின் கால் இறுதி போர்ட் மோர்ஸ்பியில் நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது, அதுவும் 46–6 என்ற தோல்வியைப் பார்ப்பதற்கு.

இதில் சதி எதையும் நான் தேடவில்லை. பணம் வரும் வழியைப் பார்த்தால் போதும். ஆஸ்திரேலியாவில் ஒளிபரப்பு உரிமை ஃபாக்ஸ்டெல்லிடம், நியூசிலாந்தில் ஸ்பார்க் ஸ்போர்ட்டிடம் இருந்தது. சந்தா கட்டும் மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஆட்டம் இல்லாவிட்டால் அந்த உரிமையை யார் வாங்குவார்கள்? இங்கிலாந்தில் ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி என மூன்று பிரிவுகளின் 61 ஆட்டங்களையும் பிபிசி நேரலையாகக் கொடுத்தது. சமோவாவின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். டோங்காவில் அதில் பாதி. அந்தச் சந்தையிலிருந்து வரும் தொகை அட்டவணையை அசைக்காது.

இங்கிலாந்து பிற்பகலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் தக்க காரணம் உண்டு. பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது. சிறிய கிளப்புகளின் மைதானங்களுக்குக் கூட்டம் வரவேண்டும் என்பதற்காக நீண்ட காலமாக இருக்கும் ஏற்பாடு இது. அந்த நேரத்தில் பிபிசியைத் திருப்பினால் கால்பந்துப் போட்டி இல்லை; ரக்பி லீக் போன்ற இரண்டாம் நிலை விளையாட்டுக்கு அது வெறுமையான களம். மைதானக் கணக்கும் சேர்கிறது. லீக் ரசிகர்கள் வடக்கே இருக்கிறார்கள். ஆட்டம் லண்டனில் என்றால் குழந்தைகளோடு காலையில் ரயில் ஏறி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். இரவு 8 மணி ஆட்டம் என்றால் அந்தக் குடும்பங்களில் பல டிக்கெட் எடுக்காது. டிக்கெட் வருமானம் உறுதியான பணம். ஆபியாவில் யாரோ கண் விழிப்பது எந்தக் கணக்கிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

இந்தக் காரணமெல்லாம் இங்கிலாந்து ஆடும் ஆட்டங்களுக்குச் சரி. வாரிங்டனில் நடந்த டோங்கா–சமோவா கால் இறுதிக்கு எது காரணம்? கால் இறுதி இடங்கள் குழுக்களின் வரிசைப்படி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. குழு டி–யில் முதலிடம் பெறும் அணி குழு ஏ–யில் இரண்டாமிடம் பெறும் அணியுடன் மோத வேண்டும். குழு ஏ–யில் இங்கிலாந்து, சமோவா, பிரான்ஸ், கிரீஸ்; குழு டி–யில் டோங்கா, பப்புவா நியூ கினி, வேல்ஸ், குக் தீவுகள். அந்தக் கால் இறுதியில் இரண்டு பசிபிக் அணிகள் வந்து நிற்கும் என்று யூகிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குழுக்களைப் பிரித்த குலுக்கல் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. பெருந்தொற்றால் தொடர் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. யோசிக்க அவகாசத்துக்குக் குறைவில்லை.

சரி, அந்த ஆட்டத்தை ஞாயிறு இரவு 7.30க்கு மாற்றியிருந்தால்? ஆபியாவில் திங்கள் காலை 8.30. பள்ளியும் அலுவலகமும் திறக்கும் நேரம். சனிக்கிழமை இரவுக்கு மாற்றினால் தீவுகளில் அது ஞாயிறு காலை. சமோவாவில் ஊரே தேவாலயத்தில் இருக்கும். டோங்காவில் ஓய்வு நாளின் புனிதம் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஞாயிறன்று கடை திறக்கவும் விளையாடவும் தடை. ஆகவே மணியை மட்டும் பார்த்தால் போதாது, கிழமையையும் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒரே ஒரு நல்ல இடம்தான் மிஞ்சுகிறது: இங்கிலாந்தில் வெள்ளி இரவு, தீவுகளில் சனிக்கிழமை காலை 8.30. அந்த வெள்ளி இரவு ஆஸ்திரேலியா–லெபனான் ஆட்டத்துக்குப் போனது. அது 48–4 என்று முடிந்தது. சனிக்கிழமை காலையில் ஆஸ்திரேலிய அணி ஆடினால் சந்தாதாரர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கால் இறுதிகளில் தொடருக்குப் பெயர் வாங்கித் தந்தது எந்த ஆட்டம் என்று கேட்டால் லெபனானை யாரும் சொல்லமாட்டார்கள்.

சமோவா அதோடு நிற்கவில்லை. நவம்பர் 12 அன்று எமிரேட்ஸில் இங்கிலாந்தும் சமோவாவும் 80 நிமிட முடிவில் 26–26. கூடுதல் நேரத்தில் யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. சமோவாவின் ஸ்டீபன் கிரைட்டன் அடித்த டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு உதைப்பது) கம்பங்களுக்கு நடுவே போனது, 27–26. கிரைட்டன் ஆபியாவில் பிறந்தவர். உலகக் கோப்பை இறுதிக்கு சமோவா போனது அதுவே முதல் முறை. நான்கு வாரம் முன்பு இதே இங்கிலாந்திடம் 60–6 என்று உதை வாங்கிய அணி அது. அட்டவணை போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இறுதிப்போட்டி நவம்பர் 19, சனிக்கிழமை, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் மாலை 4 மணிக்கு. அதே மைதானத்தில் 1.15க்குப் பெண்கள் இறுதிப்போட்டி. அது முடிந்து ஆண்கள். இந்த 4 மணி எங்கெங்கே எத்தனை மணி என்று பார்த்தால் இந்த விளையாட்டின் வரைபடமே கண்முன் வரும். பிரிஸ்பேனில் ஞாயிறு அதிகாலை 2. சமோவா வம்சாவளியினர் திரளாக வாழும் மேற்கு சிட்னியில் அதிகாலை 3. ஆக்லாந்தில் 5, நியூசிலாந்தில் 2018 கணக்கெடுப்பின்படி தங்களைச் சமோவர் என்று பதிந்தவர்களே 1.8 லட்சத்துக்கு மேல், கிட்டத்தட்ட இன்னொரு சமோவா. ஆபியாவிலும் 5. பக்கத்திலேயே அமெரிக்க ஆளுகையில் இருக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவிலும் 5 மணிதான், ஆனால் சனிக்கிழமை 5 மணி. 2011 டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வியாபாரம் செய்ய வசதியாக சமோவா தன்னைத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 30 என்ற வெள்ளிக்கிழமையே அங்கே வரவில்லை. ஒரே மொழி பேசும் இரண்டு தீவுகளுக்கு நடுவே இப்போது சரியாக 24 மணி நேரம். லாஸ் ஏஞ்சலஸில் இருந்த சமோவர்களுக்கு ஆட்டம் சனிக்கிழமை காலை 8 மணிக்கு, காபியோடு. சென்னையில் இரவு 9.30. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். இங்கேதான் பார்க்க ஆள் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், எந்தத் தரப்பும் தீவுகளை நினைத்துத் தேர்ந்தெடுக்காத இந்த 4 மணி ஆபியாவுக்கு அவ்வளவு மோசமில்லை. 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடிந்துவிட்டால் தேவாலயத்துக்குப் போக நேரம் இருக்கிறது. இரவு 7.30க்கு வைத்திருந்தால்தான் வழிபாட்டோடு மோதியிருக்கும். அடி வாங்கியது சிட்னியும் பிரிஸ்பேனும். பணம் கட்டிய சந்தை இறுதிப்போட்டிக்கு மட்டும் நடுச்சாமத்தில் எழ வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியா 30–10 என்று வென்றது அதிகாலை 5 மணிக்குக் கொஞ்சம் முன்பு. அந்த ஒரு நாள் மட்டும் மைதானத்துக்கு வரும் கூட்டமும் பிபிசியும் ஃபாக்ஸ்டெல்லை வென்றன. 67,502 பேர் வந்தார்கள்.

தெற்கே நடக்கும் தொடர்களில் நிலைமை தலைகீழாகிறது, கொஞ்சம் சுலபமாகவும் ஆகிறது. 2017 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் மெல்போர்னில் இரவு 8 மணிக்கு. இங்கிலாந்தில் காலை 10. பிரிஸ்பேனில் நடந்த இறுதிப்போட்டி இரவு 7 மணிக்கு. இங்கிலாந்தில் காலை 9. இரவு ஆட்டம் ஆஸ்திரேலியாவில் இயல்பான பழக்கம், அதுவே வடக்கே காலை நேரமாகிவிடுகிறது. யாரும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. ஆக்லாந்து ஒரு விதிவிலக்கு. அங்கே டோங்காவும் இங்கிலாந்தும் ஆடிய அரையிறுதி மாலை 6 மணிக்குத் தொடங்கியது. இங்கிலாந்தில் காலை 5.

வடக்கே இரவு ஆட்டம் எடுபடாது என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. 2024 பிப்ரவரி 24 அன்று விகன் கிளப்பும் சிட்னியின் பென்ரித் கிளப்பும் மோதிய உலக கிளப் சாம்பியன் ஆட்டம் விகனில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நடந்தது. மைதானம் நிரம்பியது. சிட்னியில் ஞாயிறு காலை 7. விகன் 16–12 என்று வென்றதை இரண்டு நாடுகளும் விழித்திருந்து பார்த்தன. ஆனால் விகன் ரசிகர்கள் விகனிலேயே இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. லண்டனுக்கு ரயில் ஏறும் கதை அங்கே இல்லை.

அட்டவணையைக் கவனமாகப் போட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு லாஸ் வேகஸ் நல்ல உதாரணம். 2024இல் ஆஸ்திரேலிய லீக் தன் பருவத்தை அங்கே தொடங்கியபோது முதல் ஆட்டம் சனிக்கிழமை மாலை 6.30, சிட்னியில் ஞாயிறு பிற்பகல் 1.30. அமெரிக்கர்களைக் கவரப் போகிறோம் என்று சொன்னார்கள். ஆனால் இரண்டாவது ஆட்டம் நியூயார்க்கில் இரவு 11.30க்குத்தான் தொடங்கியது, யாருடைய ஞாயிறு மதியத்தை மையமாக வைத்தார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. 2025இல் ஒரே நாளில் நான்கு ஆட்டங்கள். விகன்–வாரிங்டன் ஆட்டத்தை முதலில், வேகஸ் நேரம் பிற்பகல் 1.30க்கு வைத்தார்கள், இங்கிலாந்தில் இரவு 9.30. ஆஸ்திரேலிய ஆண்கள் கிளப்புகள் ஆடிய பென்ரித்–குரோனல்லா ஆட்டம் கடைசியில். எந்த அணியின் ரசிகர் எங்கே எப்போது விழித்திருப்பார் என்று பார்த்து வரிசையை அடுக்கியிருக்கிறார்கள். வாரிங்டனில் டோங்காவையும் சமோவாவையும் நினைத்து யாரும் செய்யாத வேலை இது.

அப்புறம் 2025 ஆஷஸ். கிரிக்கெட்டில் போலவே லீக்கிலும் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் தொடருக்கு அதே பெயர். 22 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்த தொடர். அக்டோபர் 25 வெம்ப்லியில், நவம்பர் 1 லிவர்பூலில், நவம்பர் 8 லீட்ஸில். மூன்றும் சனிக்கிழமை பிற்பகல் 2.30. முதல் ஆட்டம் சிட்னியில் நள்ளிரவு 12.30, பிரிஸ்பேனில் சனிக்கிழமை இரவு 11.30. மறுநாள் இங்கிலாந்துக் கடிகாரம் மாறியது. அதே 2.30 அடுத்த வாரம் சிட்னியில் 1.30 ஆனது, பிரிஸ்பேனில் தேதியே மாறிப்போனது. வெம்ப்லிக்கு 60,000 பேருக்கு மேல் வந்தார்கள் என்பதால் அந்த ஒன்றுக்கு 2.30 நியாயமே. மூன்றாவது ஆட்டம் நடந்த லீட்ஸின் ஹெடிங்லி லீக்கின் சொந்த மண். அதை வெள்ளி இரவு 8 மணிக்கு வைத்திருந்தால் சிட்னியில் சனிக்கிழமை காலை 7. ஆஸ்திரேலியா 3–0 என்று தொடரை முடித்ததை அந்த ஊர்க் குழந்தைகள் நேரலையாகப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த உலகக் கோப்பை 2026 அக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை ஆஸ்திரேலியாவை மையமாக வைத்துத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அக்டோபர் 25 அன்று இங்கிலாந்துக் கடிகாரம் மறுபடி மாறும், வழக்கம்போலத் தொடரின் நடுவில். ஆட்டங்கள் நடக்கும் நகரங்களில் பெர்த்தும் உண்டு. கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் மட்டுமே முந்தியது, கடிகாரத்தை மாற்றாத ஊர். நேரத்தைப் போலவே நகரத்தையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு பெர்த் சாட்சி. அக்டோபர் நடுவில் அங்கே இரவு 7 மணிக்கு ஆட்டம் வைத்தால் இங்கிலாந்தில் நண்பகல் 12, நுக்குஅலோபாவில் நள்ளிரவு 12. அதையே பிற்பகல் 4 மணிக்கு வைத்தால் இங்கிலாந்தில் காலை 9, சிட்னியில் இரவு 7, நுக்குஅலோபாவிலும் ஆபியாவிலும் இரவு 9.